திரும்பி வந்ததற்குக் கட்டம் இல்லை

ஏற்றுமதி மானியத்துக்கான ஏழாம் படிவத்தில்
பதினெட்டுக் கட்டங்கள்.
சரக்கின் பெயர், எடை, வாங்கும் நாடு,
ஆய்வகச் சான்றிதழின் எண்.
தலாஸ் கிளை அலுவலகத்தில் ஒன்பது வருடமாக
அவற்றை நிரப்ப வருகிறவர்களுக்கு
எதிர்நாற்காலி நான்.

புருல்கான் வந்தது பிப்ரவரியில்.
பூட்ஸில் பனி. கைப்பையிலிருந்து
இரண்டு கைப்பிடி வெள்ளை அவரைக்கொட்டையை
என் மேசையில் கொட்டினாள்.
"இதை உங்கள் கணினியில் ஏற்றுங்கள்" என்றாள்.
சிரிக்கவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு அவரை விதைக்கிறோம்.
தின்கிறவர் எவருமில்லை.
ஆட்டிறைச்சி, ரொட்டி, தேநீர்,
அதற்கு மேல் வயிற்றில் இடம் ஏது?
துருக்கி வியாபாரி லாரியோடு வருவார்
களத்திலேயே விலை சொல்வார்
அந்த விலைதான் எங்கள் வானிலை.
அவர் இருமினால்
அந்த வருடம் பிள்ளைகளுக்குப் பழைய சட்டை.

அந்த இருமலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள் புருல்கான்.
நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று:
பாதி விலை அரசாங்கம்,
பாதி, அவள் தம்பி எர்மெக்
மாஸ்கோவில் டாக்சி ஓட்டிய மூன்று குளிர்காலம்.
இயந்திரத்தின் நெற்றியில் நீல வில்லை:
'அரசின் ஆதரவுடன்'.
தம்பிக்கு வில்லை ஒட்ட இடமில்லை.
திறப்பு விழாவில் மாவட்டத் தலைவரின் கத்தரிக்கோல் மழுங்கல்
கடைசியில் ரிப்பனை அறுத்தது
புருல்கானின் சாக்குக் கத்தி.

இருபத்திரண்டு டன்.
கசாக் எல்லை, அக்தாவ், பாக்கு, போத்தி,
அதற்கப்பால் கருங்கடல், வர்னா.
என் திரையில் அது ஒரு பச்சைப் புள்ளி.
காஸ்பியன் கரையில் காற்றுக்காக
நான்கு நாள் நின்றது புள்ளி.
அதில் எனக்கு ஒரு சோம் லாபமில்லை
ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து
தண்ணீர் குடிப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

வர்னாவிலிருந்து வந்தது ஒரு பக்கக் கடிதம்.
உயிருள்ள வண்டு: ஒன்று.
அழிக்கலாம், அல்லது திருப்பி அனுப்பலாம்.
செலவு, அனுப்பியவருடையது.

சென்ற சரக்குக்கு மானியம் உண்டு.
பாதி வழியில் நின்றதற்குக்கூட ஒரு துணைப்பிரிவு உண்டு.
போய்த் திரும்பியதற்கு?
பிஷ்கெக்குக்கு மூன்று முறை அழைத்தேன்.
"விற்காதது ஏற்றுமதியே இல்லை" என்றார் ஒருவர்.
"எல்லை தாண்டியதா? அப்போது கொடுத்துவிடு" என்றார் அடுத்தவர்.
மூன்றாமவர் சாப்பிடப் போயிருந்தார்,
இன்னும் சாப்பிடுகிறார்.

கன்டெய்னர் வந்த அன்று கிடங்குக்குப் போனேன்.
கதவில் ஐந்து நாட்டு முத்திரை.
புருல்கான் உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினாள்:
"எங்கே அந்த மகராசன்?
இந்தப் பள்ளத்தாக்கில் கடலைப் பார்த்தவன்
அவன் ஒருத்தன்தானே!"
மூட்டை சுமக்கும் தோலோன் சிரித்துச் சிரித்து
இறக்கிய மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலை யாரோ ஒரு சட்டி அவித்தார்கள்.
உப்பு போதவில்லை. வெங்காயமும் இல்லை.
நின்றபடியே ஆளுக்கொரு கரண்டி.
"இதையா காசு கொடுத்து வாங்குகிறார்கள்?" என்றான் தோலோன்,
மறுபடி தட்டை நீட்டியபடி.
புருல்கான் மெல்ல மெல்ல மென்றாள்,
ருசி பார்க்கிறவளாக அல்ல,
குறை தேடும் ஆய்வாளராக.
பிறகு கையைத் துடைத்துக்கொண்டு,
"குளிரூட்டி அறைக்கு எந்தப் படிவம்?
வண்டு குளிரில் சாகுமாமே."

அதற்கு ஒன்பதாம் படிவம்.
கொடுத்தேன்.

ஏழாம் படிவம் இன்னும் என்னிடம்தான்.
அடிக்கோல் வைத்து
பதினெட்டுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன்
பத்தொன்பது என்று எழுதினேன்
'திரும்பி வந்த தேதி' என்று எழுதினேன்.
இதற்கு எனக்கு அதிகாரம் இல்லை.
மை காய்ந்துவிட்டது.

பிப்ரவரியில் கொட்டியதில் ஒரு கொட்டை
விசைப்பலகைக்கு அடியில் எங்கோ சிக்கியிருக்கிறது.
எந்தக் கடிதம் அடித்தாலும்
ஒரு விசை மட்டும் இறங்க மறுக்கிறது.